உலோகத்திற்கேற்ற உறை: மின்காப்புப் பொருளைத் தெரிந்தெடுப்பது எப்படி?

தோட்டத்து வீடுகளில் இன்று இஸ்திரிப் பெட்டி இருக்கின்றது. சோறு சமைக்கும் மின்சட்டி இருக்கின்றது. காற்றாடி, குளிர்ப்பெட்டி, சலவை இயந்திரம் ஆகியவையும் இருக்கின்றன. ரப்பர்த் தொழிற்சாலையிலோ உருளைகளைச் சுழற்றும் மோட்டார்கள் ஓடுகின்றன. இவை ஒவ்வொன்றிலும் இருவகை உலோகப் பகுதிகள் அருகருகே அமைந்துள்ளன. ஒன்று மின்சாரத்தைச் சுமந்து செல்லும் செம்புக் கம்பி. மற்றொன்று நாம் கையால் தொடுகின்ற இரும்பு அல்லது அலுமினிய உடல். இவ்விரண்டிற்கும் இடையே, பல கருவிகளில் ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்கூட இல்லாத ஒரு பொருள் நிற்கின்றது. அதுவே மின்காப்புப் பொருள்.

அது தன் இடத்தில் உறுதியாக நிற்கும்வரை மின்சாரம் நமக்கு ஊழியம் செய்கின்றது. அது உருகினாலும், வெடித்தாலும், நனைந்தாலும் நாம் தொடும் உலோகத்தில் மின்சாரம் ஏறிவிடுகின்றது. ஆகவே, எந்த உலோகப் பகுதிக்கு எத்தகைய காப்பு ஏற்றது என்பதை அறிந்திருத்தல் மின்பணியாளருக்கு மட்டுமன்று, மின்சாரத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் தேவையானதாகும்.

எவ்வளவு மின்சாரம் ஆபத்தானது?

நம் நாட்டில் வீடுகளுக்கு வழங்கப்படும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். உடலினூடே பாயும் மின்னோட்டத்தை மில்லி ஆம்பியரில் அளப்பர். ஓர் ஆம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்கே மில்லி ஆம்பியர். ஏறக்குறைய 1 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் சுரீரென்ற உணர்ச்சி தோன்றும். 10 மில்லி ஆம்பியர் அளவில் தசைகள் இறுகிவிடும். பிடித்த கம்பியை விடுவதற்கு மனம் நினைத்தாலும் கை விடாது. 30 மில்லி ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து பாயுமானால் மூச்சும் இதயத்துடிப்பும் நின்றுபோகக் கூடும்.

உடலின் தடை ஏறத்தாழ ஆயிரம் ஓம் என்று கொண்டால், 230 வோல்ட் அழுத்தத்தில் பாயக்கூடியது 230 மில்லி ஆம்பியர். கை கால்கள் ஈரமாக இருந்தால் தடை மேலும் குறையும். பாயும் மின்னோட்டம் மேலும் கூடும். பழைய 60 வாட் குமிழ் விளக்கு ஒன்று எரிவதற்கு ஏறக்குறைய 260 மில்லி ஆம்பியர் தேவைப்பட்டது. அதில் ஒன்பதில் ஒரு பங்கே ஓர் உயிரைப் பறிக்கப் போதுமானது.

நம் காட்டு மரம் கற்பித்த பாடம்

உலகின் முதல் கடலடித் தந்திக் கம்பிகளுக்குக் காப்பாக அமைந்த பொருள் நமது மலாயாக் காடுகளிலிருந்து சென்றது என்பது பலர் அறியாத செய்தி. 'கெத்தா தாபான்' என்று மலாய் மக்கள் அழைக்கும் மரத்தின் பிசினே அது. மேல்நாட்டார் அதனைக் கட்டாபெர்ச்சா என்பர். சூடான நீரில் இட்டால் அது இளகும், விரும்பிய வடிவில் பிடிக்கலாம், ஆறியதும் கெட்டியாகிவிடும். இவ்வியல்பினால் பாராங் கத்திக்குப் பிடி செய்வதற்கு அது பயன்பட்டு வந்தது. சிங்கப்பூரில் பணிபுரிந்த டாக்டர் வில்லியம் மான்ட்கோமரி இதனைக் கவனித்து, 1843-ஆம் ஆண்டில் அதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். அது சிறந்த மின்காப்புப் பொருள் என்பதை விஞ்ஞானி மைக்கேல் பாரடே 1848-இல் எடுத்துரைத்தார். 1851-இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கடலடித் தந்திக் கம்பிக்கு அதுவே உறையாயிற்று.

ஆனால், 1858-இல் அட்லாண்டிக் மாகடலைக் கடந்து இடப்பட்ட முதல் கம்பி சில வாரங்களே உழைத்தது. கடலில் இறக்கும் முன்னர் கம்பியின் சில பகுதிகள் வெயிலில் கிடந்தன. வெப்பத்தால் உறை இளகி, நடுவில் இருக்க வேண்டிய செம்பு ஓரத்திற்கு நகர்ந்தது. அவ்விடத்தில் காப்பு மெலிந்தது. பின்னர், செய்தி தெளிவாக வரவில்லையென்று அளவுக்கு மீறிய மின்னழுத்தம் செலுத்தப்பட்டது. மெலிந்த காப்பு அதனைத் தாங்கவில்லை. 1866-இல் மேலும் தடித்த உறையுடன் கவனமாகச் செய்யப்பட்ட கம்பியே நிலைத்தது.

குளிர்ந்த ஆழ்கடலில் நெடுங்காலம் கெடாமல் இருக்கும் கட்டாபெர்ச்சா, வெயிலில் இளகுகின்றது. காற்றும் ஒளியும் பட்டால் நாளடைவில் நொறுங்குகின்றது. பொருள் ஒன்றே, இடம் மாறியதும் அதன் குணம் மாறிற்று. எல்லா இடத்திற்கும் ஏற்ற காப்பு என்று ஒன்று இல்லை. இடத்தைப் பார்த்தே காப்பைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடமாகும்.

ரப்பரும் செம்பும்

நாம் வெட்டும் பால்மரத்தின் ரப்பரும் நல்ல மின்காப்புப் பொருளே. கந்தகம் கலந்து சூடேற்றிப் பதப்படுத்திய ரப்பரைக் கம்பிகளுக்கு உறையாக நெடுங்காலம் பயன்படுத்தினர். அதில் ஓர் இடையூறு இருந்தது. ரப்பரில் உள்ள கந்தகம் செம்பைக் கறுக்கச் செய்யும். செம்போ ரப்பரை விரைவில் மக்கச் செய்யும். செம்பு ரப்பருக்குப் பகை என்பதைத் தொழிற்சாலையில் பணிபுரிவோர் நன்கறிவர். எனவே, செம்புக் கம்பிக்கு முதலில் ஈயம் பூசி, அதன் பின்னரே ரப்பர் உறையிட்டனர். காப்புப் பொருள் இடத்திற்கு மட்டுமின்றித் தான் போர்த்தும் உலோகத்திற்கும் பொருந்த வேண்டும் என்பதற்கு இது சான்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பி.வி.சி. எனும் பிளாஸ்டிக் உறை ரப்பர் உறையின் இடத்தைப் பெற்றது. மிகப் பழைய கட்டடம் எதிலேனும் நூலுறையிட்ட கறுப்பு ரப்பர்க் கம்பிகள் இன்னும் இருக்குமானால், அவற்றை அசைக்கவே கூடாது. ஆண்டுகள் பல கடந்த அவ்வுறை, தொட்டவுடன் பொடியாக உதிர்ந்துவிடும்.

இங்கு நாம் மனத்திற் கொள்ள வேண்டிய மற்றொன்றும் உண்டு. ரப்பர் மின்சாரத்தைத் தடுக்கும். ரப்பர்ப் பால் தடுக்காது. மரத்திலிருந்து இறக்கிய பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி உப்புகள் கரைந்த நீராகும். பால் படிந்த ஈரக் கையால் சுவிட்சைத் தொடுவது, தண்ணீர் சொட்டும் கையால் தொடுவதற்கு ஒப்பானதே. அவ்வாறே, கறுப்புக் காலணிகளை நம்பியும் ஏமாறலாகாது. உறுதிக்காகக் கரித்தூள் மிகுதியாகக் கலந்த ரப்பர் ஓரளவு மின்சாரத்தைக் கடத்தக்கூடும். மருத்துவமனையில் அணியும் மெல்லிய கையுறையும் மின்பணிக்கு உரியதன்று. மின்பணிக்கென்றே தடித்துச் செய்து, உயர் அழுத்தத்தில் சோதித்த கையுறைகள் தனியே உள்ளன. அவற்றையும் ஒவ்வொரு முறையும் காற்றடைத்துப் பார்த்து, ஊசித்துளை இல்லையென உறுதி செய்த பின்னரே அணிவர்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

ஓர் உலோகப் பகுதிக்குக் காப்புத் தேடும்பொழுது நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதலாவது: அவ்விடம் எவ்வளவு சூடேறும்? வீட்டுச் சுவரில் செல்லும் சாதாரண பி.வி.சி. கம்பி 70 பாகை செல்சியஸ் வரையில் தாங்கும்படி செய்யப்பட்டது. இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடோ அதனினும் பன்மடங்கு சூடாகும். தகட்டில் பட்டால் பி.வி.சி. உருகிவிடும் என்பதனால்தான் இஸ்திரிப் பெட்டியின் கம்பிக்கு ரப்பரின் மேல் நூல் பின்னிய உறை இடப்படுகின்றது. அக்கம்பி பழுதாகும்பொழுது காற்றாடிக் கம்பியை எடுத்து மாட்டுவது பெருந்தவறாகும். பெட்டியின் உட்புறத்தில், சூடேறும் உலோகச் சுருளை அடித்தகட்டினின்றும் பிரித்து வைக்கக் காக்காய்ப்பொன் எனப்படும் அப்பிரகத் தகடு பயன்படுத்தப்பட்டு வந்தது. அது பல நூறு பாகை வெப்பத்தையும் தாங்கும். மின்சட்டியின் உள்ளே செல்லும் கம்பிகளுக்குக் கண்ணாடி இழையுறை அல்லது சிலிக்கோன் ரப்பர் உறை இருக்கும். சிலிக்கோன் ரப்பர் மரத்திலிருந்து வருவதன்று. சுமார் 180 பாகை வரை தாங்கும் செயற்கைப் பொருள்.

இரண்டாவது: அவ்விடம் நனையுமா? பீங்கான் நீரை உறிஞ்சாது, வெயிலாலும் கெடாது. எனவே, மின்கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தாங்குவதற்குப் பீங்கான் ஏற்றதாயிற்று. அதனைக் குடைபோல் அடுக்கடுக்காக வார்ப்பதற்கும் காரணம் உண்டு. மழையில் மேற்புறம் நனைந்தாலும் குடையின் அடிப்புறம் உலர்ந்தே இருக்கும். மின்சாரம் ஓடுவதற்குத் தொடர்ந்த ஈரப்பாதை கிடைக்காது. தண்ணீர் சூடாக்கும் கருவியிலோ நிலை வேறு. அதன் உலோகக் குழாய்க்குள் சூடேறும் கம்பியைச் சுற்றி மெக்னீசிய ஆக்சைடு எனும் வெண்பொடி இறுக நிரப்பப்பட்டிருக்கும். அப்பொடி வெப்பத்தைக் கடத்தும்; மின்சாரத்தைத் தடுக்கும். ஆனால், அது ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. குழாயின் முனையடைப்பு வெடித்தாலோ குழாய் அரித்தாலோ உள்ளே ஈரம் புகுந்து மின்கசிவு ஏற்படும். 'தொட்டால் இலேசாகச் சுரீரென்கிறது, ஆனாலும் தண்ணீர் கொதிக்கிறது' என்று அத்தகைய கருவியைத் தொடர்ந்து பயன்படுத்துவது எமனை வீட்டில் வைத்திருப்பதற்குச் சமம்.

மூன்றாவது: அவ்விடத்தில் வெயிலும் உராய்வும் உண்டா? சாதாரண பி.வி.சி. உறை நாள்தோறும் வெயில் பட்டால் விறைத்து வெடிக்கும். வீட்டிலிருந்து கோழிக்கூட்டிற்கோ கோயில் திருவிழாப் பந்தலுக்கோ தகரக் கூரையின்மேல் கம்பி இழுக்கும் வழக்கத்தின் ஆபத்து இதுவே. தகரத்தின் விளிம்பு உறையை அறுக்கும். வெயில் அதனை விறைக்கச் செய்யும். பின்னர் ஒருநாள் கூரை முழுவதும், அதில் கட்டிய துணிக்கொடிக் கம்பி உட்பட, மின்னேறிவிடும். உலோக விளிம்பைக் கடந்து செல்லும் கம்பி எதுவாயினும் அதற்குக் குழாயோ விளிம்பு வளையமோ இருத்தல் வேண்டும்.

நான்காவது: மின்னழுத்தம் எவ்வளவு? 230 வோல்ட்டுக்குப் போதுமான உறை, 11,000 வோல்ட்டுக்கு ஒரு தாளுக்குச் சமமாகாது. இதனைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

மோட்டாருக்குள் இருக்கும் மெல்லிய பூச்சு

தொழிற்சாலை மோட்டாரினுள் சுற்றப்பட்டிருக்கும் செம்புக் கம்பியைப் பார்ப்பவர்கள் அது வெறும் கம்பியென எண்ணுவர். உண்மையில் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத எனாமல் பூச்சு உண்டு. கம்பிச் சுருளுக்கும் இரும்புப் பள்ளத்திற்கும் இடையே காப்புத் தாளும் வைக்கப்பட்டிருக்கும். இக்காப்புகளை அவை தாங்கும் வெப்பத்தைக் கொண்டு வகுத்துள்ளனர். பி வகை 130 பாகையும், எஃப் வகை 155 பாகையும், எச் வகை 180 பாகையும் தாங்கும். இவ்வெழுத்து மோட்டாரின் பெயர்த்தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். மோட்டாரை மறுபடியும் சுற்றக் கொடுக்கும்பொழுது, முன்னிருந்த வகையோ அதற்கு மேற்பட்ட வகையோதான் இடப்பட வேண்டும். தாழ்ந்த வகை கூடாது.

தாங்கும் அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை சூடேறும்பொழுதும் காப்பின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பது பொறியியலாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. மோட்டாரின் காற்றுத் துளைகளில் ரப்பர்த் துகளும் தூசியும் அடைத்துக் கொண்டால் வெப்பம் வெளியேறாது. உள்ளிருக்கும் காப்பு வெந்துபோகும். இயந்திரத்தை நிறுத்தி மின்சாரத்தைத் துண்டித்த பின்னர் அத்துளைகளைத் தூய்மை செய்வது சிறிய வேலைதான். ஆயினும், மோட்டாரின் ஆயுளும் அதனருகே நிற்பவரின் பாதுகாப்பும் அதில் அடங்கியுள்ளன.

காப்பென்று நம்பக் கூடாதவை

உலோகத்தின்மீது பூசிய சாயம் காப்பாகாது. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், சுரண்டினால் உரியும். காயத்திற்கு ஒட்டும் பிளாஸ்திரி, பிளாஸ்டிக் பை, துணி ஆகியவற்றை அறுந்த கம்பியில் சுற்றுவது காப்பாகாது. கறுப்பு மின்நாடாவும், இரு துண்டுக் கம்பிகளை முறுக்கி ஒட்டி நிரந்தரமாகப் பயன்படுத்துவதற்கு உரியதன்று. சூட்டில் அதன் பசை இளகி நாடா கழன்றுவிடும். உலர்ந்த மரம் ஓரளவு தடுக்கும். நனைந்த மரம் கடத்தும். மின்செருகுவாயிலோ விளக்குத் தாங்கியிலோ கறுத்த கோடு தென்பட்டால், அது தீய்ந்து கரியான பாதை. கரி மின்சாரத்தைக் கடத்தும். அதனைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாகாது, மாற்றிவிட வேண்டும்.

காப்புத் தவறினால் காப்பது எது?

எத்துணைச் சிறந்த காப்பும் ஒருநாள் தவறக்கூடும். அந்நாளுக்காகவே உலோக உடலுடைய கருவிகளுக்கு நிலக்கம்பி எனும் மூன்றாவது கம்பி பொருத்தப்படுகின்றது. பச்சையும் மஞ்சளும் கலந்த அக்கம்பி, உலோக உடலில் கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும். மூன்று முனைப் பிளக்கை நீக்கி இரண்டு முனைப் பிளக்கை மாட்டி, பென்சிலோ குச்சியோ கொண்டு மேல்துளையைத் திறந்து செருகும் வழக்கம் நம்மிடையே உள்ளது. இஸ்திரிப் பெட்டியிலும் மின்சட்டியிலும் இவ்வாறு செய்வது, உயிர் காக்கும் கம்பியைத் தாமே அறுத்தெறிவதாகும்.

சில கருவிகளுக்கு நிலக்கம்பி தேவையில்லை. அவற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டைக் காப்பு அமைந்திருக்கும். ஒரு சதுரத்திற்குள் மற்றொரு சதுரம் வரைந்த குறி அதன் அடையாளம். அக்குறியில்லாத உலோகக் கருவிக்கு மூன்று முனைப் பிளக் கட்டாயம். கருவி வாங்கும்பொழுது சிரிம் முத்திரை உள்ளதா என்பதையும் பார்த்து வாங்குதல் நன்று.

அடுத்த காவலன் மின்கசிவுத் துண்டிப்பான். செல்லும் மின்னோட்டத்திற்கும் திரும்பும் மின்னோட்டத்திற்கும் வேறுபாடு தோன்றினால், கண்ணிமைப்பதற்குள் அது மின்சாரத்தை நிறுத்திவிடும். கையில் பிடிக்கும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியரிலும், குளியலறைச் சுடுநீர்க் கருவிக்கு 10 மில்லி ஆம்பியரிலும் துண்டிக்கும் வகைகள் உரியவை. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியவுடன் மின்சாரம் நின்றால் காவலன் விழித்திருக்கிறான் என்பது பொருள். அடிக்கடி அது விழுகிறதே என்று சிலர் அதனைக் கழற்றிவிடச் சொல்வர். அது விழுவது குற்றமன்று. எங்கோ ஒரு காப்புக் கெட்டிருக்கின்றது என்று அறிவிக்கும் எச்சரிக்கையாகும்.

காற்றே காப்பான இடம்

தோட்டத்தின் ஊடே செல்லும் உயரழுத்தக் கம்பிகள் பலவற்றிற்கு உறையே கிடையாது. கம்பத்தில் பீங்கான் தாங்குகின்றது. மற்ற இடங்களில் சுற்றியுள்ள காற்றுவெளியே காப்பு. 11,000 வோல்ட் அல்லது 33,000 வோல்ட் அழுத்தமுள்ள அக்கம்பிகளிலிருந்து, தொடாமலேயே, போதிய அளவு நெருங்கினால் மின்சாரம் தாவிவிடும்.

ரப்பருடன் செம்பனையும் பயிரிடப்பட்டுள்ள தோட்டங்களில் குலை அறுப்போர் நீண்ட அலுமினியக் கோலைத் தூக்கிச் செல்கின்றனர். அலுமினியம் சிறந்த மின்கடத்தி. அதன்மீது ரப்பர்க் குழாயையோ நாடாவையோ சுற்றினால் போதுமென்று எண்ணுவது உயிருக்கே கேடாய் முடியும். அவ்வழுத்தத்தை அத்தகைய உறை தாங்காது. அங்குத் தகுந்த காப்பு இடைவெளி ஒன்றே. கம்பிக்கு அருகேயுள்ள மரத்தில் குலை அறுக்கும் முன்னரும், கிளை வெட்டும் முன்னரும் மண்டோரிடம் கூறி, மின்சார நிறுவனத்தின் உதவியைப் பெற வேண்டும். கம்பியின் அடியில் கோலைப் படுக்கைவசமாகத் தாழ்த்தியே கொண்டு செல்ல வேண்டும். காட்டுப்பன்றியைத் தடுக்க வீட்டு மின்சாரத்தை வெற்றுக் கம்பியில் ஏற்றி வேலி கட்டுவதும் இவ்வாறே கொடிய செயல். பன்றிக்கு வைத்த கம்பி, விடியற்காலையில் பால்வெட்டச் செல்லும் மனிதரைத் தெரிந்து விலகாது.

நாம் செய்ய வேண்டுவன

கம்பியைப் பொருத்துவதும் மாற்றுவதும் பதிவு பெற்ற மின்பணியாளரின் வேலை. காப்பின் நிலையைக் கவனிப்பதும் உடனே தெரிவிப்பதும் நம் வேலை. தோட்டத்து வீடுகளுக்கு மின்வசதி அளிப்பதும் அவ்வீடுகளைப் பழுதின்றிப் பராமரிப்பதும், 1990-ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட தொழிலாளர் வீட்டுவசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டத்தின்படி முதலாளியின் கடமைகளுள் அடங்கும். எனவே, கெட்டுப்போன கம்பியைப் பற்றி நிர்வாகத்திடம் முறையிடுவது சலுகை கேட்பதாகாது.

ஒருவரை மின்சாரம் தாக்கினால் அவரைத் தொட்டு இழுக்கலாகாது. முதலில் மூலச் சுவிட்சை நிறுத்துக. அது இயலாவிடில், உலர்ந்த பிளாஸ்டிக் நாற்காலியோ உலர்ந்த மரக்கட்டையோ கொண்டு அவரைக் கம்பியிலிருந்து விலக்குக. உயரழுத்தக் கம்பி அறுந்து விழுந்திருந்தால் இதுவும் கூடாது. அருகே செல்லாமல், பிறரையும் செல்லவிடாமல், மின்சார நிறுவனத்திற்கும் 999 எண்ணிற்கும் உடனே தெரிவியுங்கள். மின்சாரத்தினின்றும் விடுபட்டவர் மூச்சின்றிக் கிடந்தால், உதவி வரும்வரை மார்பை அழுத்தி உயிரூட்டும் முதலுதவியைத் தொடர்ந்து செய்ய வேண்டும்.

அடுத்த ஓய்வு நாளில், மூலச் சுவிட்சை நிறுத்தி, கருவிகளின் பிளக்கைக் கழற்றிவிட்டு, வீட்டிலுள்ள ஒவ்வொரு கம்பியையும் நுனிமுதல் அடிவரை பாருங்கள். விறைத்தது எது, வெந்தது எது, நாடா சுற்றியது எது, இரண்டு முனைப் பிளக் மாட்டியது எது என்று குறித்துக் கொள்ளுங்கள். அரைமணி நேர வேலை இது. கெட்டதை ஒதுக்கி வைத்துவிட்டு, ஏற்ற காப்புடைய கம்பி வரும்வரை அக்கருவி இல்லாமலே சமாளிப்போம்.